யோகேஸ்வரி தூங்கிய வெள்ளிக்கிழமை

கெடா மாநிலத்துப் பீடோங்கில் காளிதாசன் கடையில் சாமான் வாங்கிய எவரும் எடை குறைந்தது என்று சண்டைக்குப் போனதில்லை. அப்படி ஒருவர் போயிருந்தால் அந்த மனுஷன் அவமானத்தில் கடையையே இழுத்து மூடியிருப்பார். தராசு சரியாகக் காட்டிய பிறகும் அவர் கை சும்மா கிடக்காது. மூட்டைக்குள் போய் இன்னொரு பிடி பருப்பை அள்ளிக்கொண்டு வரும். மற்ற கடைகளில் கொசுறு கேட்டால்தான் கிடைக்கும். அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு நாலு கறிவேப்பிலை. இவர் கேட்காமலே போடுவார். வேண்டாம் என்றாலும் போடுவார்.

“சரியா அளந்து மட்டும் குடுத்தா மெஷின் குடுத்த மாதிரி இருக்கும்லா. மனுஷன் குடுத்த மாதிரி இருக்க வேணாமா?” என்பது அவருடைய நியாயம்.

கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி இவர் கைக்குப் போய்விட்டால் இலையில் உட்கார்ந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். போதும் அண்ணே, போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினாலும் விரல் இடுக்கு வழியாக ஊற்றிவிட்டுப் போவார். காளிதாசன் அண்ணன் வரிசையில் உட்காராதே, சட்டை போய்விடும் என்று இளவட்டங்கள் கேலி செய்வார்கள். அவருக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. குறைத்துக் கொடுக்கத் தெரியாத கை அது. அந்தக் கை செய்த காரியத்தைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் மனைவி யோகேஸ்வரி. தன் தாராளத்தால்தான் கடைக்குப் பெயர் என்று காளிதாசன் நினைத்துக்கொண்டிருந்தார். பாவம், நினைத்துக்கொள்ளட்டும். சுங்கைப் பட்டாணி டவுனிலிருந்தெல்லாம் ஆட்கள் கார் எடுத்துக்கொண்டு வந்தது யோகேஸ்வரியின் கறித்தூளுக்காக. கடைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ரப்பர் மர விறகு அடுப்பு. அதன்மேல் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஓர் இரும்புச் சட்டி. மிளகாயும் மல்லியும் சீரகமும் அவள் வறுக்கிற நாளில் தெருவே தும்மும். கேஸ் அடுப்பில் வறுக்கலாமே என்றால் அந்த வாசனை இதில் வராது என்பாள். வாடிக்கைக்காரர்களும் அதையேதான் சொன்னார்கள். மழைச்சாரல் அடிக்கிறது என்று கொட்டகையின் ஜன்னலைத் தகரம் வைத்து அடைத்திருந்தார்கள். மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு அந்தப் புகைக்குள் நின்றாள், கல்யாணமான புதிதிலிருந்து தலை நரைக்கும் வரைக்கும்.

இருமல் வந்தபோது யாரும் பயப்படவில்லை. மிளகாய் வறுக்கிறவள் இருமாமல் பாட்டா பாடுவாள் என்று அவளே சிரிப்பாள். அப்புறம் வறுக்காத நாளிலும் இருமல் வந்தது. பசாரில் நாலு கடை ஏறி இறங்க முடியாமல் போயிற்று. குளித்துவிட்டு வந்தால் கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் இளைத்தாள். வாழ்நாளில் ஒரு சிகரெட்டைத் தொடாத பெண்ணுக்கு, பெட்டி பெட்டியாய்ப் புகைத்தவனுக்கு வருகிற நெஞ்சு நோய் வந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் படத்தை வெளிச்சத்தில் காட்டிச் சொன்னார்கள். காளிதாசன் வீடு திரும்பியதும் முதல் வேலையாகக் கொட்டகை அடுப்பை இடித்துப் போட்டார். இடித்து என்ன பிரயோஜனம்? புகை போக வேண்டிய இடத்துக்கு எப்போதோ போய்விட்டது.

கடைசியில் கவர்மெண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கே ஆக்சிஜன் மெஷின் வந்து சேர்ந்தது. இடுப்பு உயரப் பெட்டி, ராப்பகலாக உறுமும். அறைக் காற்றை இழுத்து, அதிலிருக்கும் ஆக்சிஜனை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் வழியாக யோகேஸ்வரியின் மூக்குக்கு அனுப்பும். முன்பக்கம் ஒரு கண்ணாடிக் குழல், அதற்குள் ஒரு குட்டி உருண்டை, கீழே ஒரு திருகு. திருகைத் திருப்பினால் உருண்டை ஏறும். ஐந்து வரைக்கும் கோடு போட்டிருந்தது. மெஷினை இயக்கிக் காட்ட வந்த மலாய் நர்ஸ் மிஸி உருண்டையை ஒன்றாம் கோட்டில் நிறுத்தினாள்.

“அங்கிள், சத்து சாஜா,” என்று ஒற்றை விரலைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று மட்டும்தான் என்று அர்த்தம்.

மகள் சாந்தினியும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். “கேட்டீங்களாப்பா? ஒண்ணுலயே இருக்கணுமாம். நீங்க தொடாதீங்க.”

ஏன் அப்படி என்று மிஸி சாந்தினியிடம் மலாயில் சொல்லத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து யாரோ அரிசி மூட்டைக்குப் போன் செய்ய, காளிதாசன் வாசலுக்குப் போய்விட்டார். ஐந்து கொடுக்கக்கூடிய மெஷினில் ஒன்று மட்டும் கொடுப்பது அவர் மனசுக்கு ஒப்பவே இல்லை. கவர்மெண்டு சாமான், சீக்கிரம் கெட்டுப்போகும் என்று பயந்து சொல்கிறார்கள் போல என்று அவராகவே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டார். மகளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை வந்தது. கெடாவில் வெள்ளி லீவு நாள்தான், ஆனால் சாந்தினிக்கு லீவு கிடையாது. கூலிம் ஹைடெக் பூங்காவில் சிப் செய்கிற தொழிற்சாலையில் வேலை. விடியும் முன் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் திரும்புவாள். காளிதாசன் கடையை மத்தியானத்தோடு அடைத்துவிட்டு வந்தார். அறுவடை முடிந்து யான் ஊர்ப் பக்கத்து வயல்களில் வைக்கோலைக் கொளுத்தியிருந்தார்கள். காற்று அந்தப் புகையை அப்படியே அள்ளி வந்து அவர்கள் குடியிருந்த தாமான் வரிசை வீடுகளில் கொட்டியது. நல்ல நெஞ்சுக்காரர்களுக்கே தொண்டை கரகரத்தது.

யோகேஸ்வரி கட்டில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள்கள் இரண்டும் காதுவரைக்கும் ஏறி ஏறி இறங்கின. காளிதாசன் ஜன்னலை அடைத்தார், மின்விசிறியைத் திருப்பி வைத்தார், முதுகைத் தடவினார். ஒன்றும் எடுபடவில்லை.

“என்னங்க... கொஞ்சம்... கூட வைங்களேன்.”

விரலில் மாட்டுகிற மீட்டரைப் பார்த்தார். எண்பத்தேழு. பரீட்சையில் வாங்கினால் நல்ல மார்க்கு. ரத்தத்துக்கு அது குறைச்சல் என்று மட்டும் அவருக்குத் தெரியும்.

“மிஸி ஒண்ணுதான்னு சொல்லிச்சுமா.”

“மிஸிக்கா... மூச்சு... முட்டுது?”

கட்டின பெண்டாட்டி கண்முன்னால் காற்றுக்குத் தவிக்கிறாள், கைக்கெட்டும் தூரத்தில் திருகு இருக்கிறது. எந்த மகராசன் சும்மா நிற்பான்? முதலில் இரண்டில் வைத்தார். உருண்டை ஏறியது, கொஞ்ச நேரத்தில் மீட்டரும் ஏறியது. அடேயப்பா, இவ்வளவு லேசான காரியத்துக்கா இத்தனை நாள் அவளைத் தவிக்கவிட்டோம் என்று அவருக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. மூன்றில் வைத்தார். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். அந்தக் கைக்கு நிறுத்தத் தெரியுமா என்ன? கிடக்கட்டும் என்று இன்னும் ஒரு திருப்புத் திருப்பினார். உருண்டை நாலைத் தாண்டி நின்றது. மீட்டர் தொண்ணூற்றெட்டு காட்டியது.

“இப்ப எப்படி இருக்கு யோகா?”

“நல்லா இருக்குங்க,” என்றாள். மூச்சு வாங்காமல், ஒரே தடவையில் சொன்னாள். காளிதாசனுக்குக் கண் கலங்கிவிட்டது.

மெல்ல அவள் தோள் இறங்கியது. தலையணையில் சாய்ந்தாள். சாய்ந்து படுத்துத் தூங்கி எத்தனை மாதம் ஆயிற்று! உட்கார்ந்தபடியே மேஜைமேல் தலையை வைத்துத்தான் ராத்திரிகளைக் கழித்துக்கொண்டிருந்தாள். இப்போது மல்லாந்து கிடந்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கினாள். வெளிறிக் கிடந்த கன்னத்தில் சிவப்பு ஏறியிருந்தது. கையைத் தொட்டுப் பார்த்தார். எப்போதும் சில்லென்று கிடக்கும் கை கதகதப்பாக இருந்தது. கல்யாணப் பெண் களை வந்துவிட்டது என்று பூரித்துப் போனார்.

அப்புறம் அந்த வீட்டில் நடந்த காவலைச் சொல்லி மாளாது. டிவியை அணைத்தார். ரொட்டிக்காரன் மோட்டாரில் ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தபோது கேட்டுக்கு ஓடிப்போய், ஒரு பாக்கெட் வாங்கி, “போப்பா, சத்தம் போடாம போ,” என்று அனுப்பினார். பக்கத்து வீட்டு லிண்டா பாட்டைச் சத்தமாக வைத்துக்கொண்டு துணி காயப்போட்டாள். வேலி அருகே போய் ரகசியம் போலச் சொன்னார்.

“லிண்டா, கொஞ்சம் கொறச்சு வையிம்மா. யோகா தூங்குறா.”

“படுத்தா? படுத்துத் தூங்குறாங்களா? கர்த்தர் கண்ணத் தொறந்துட்டார் அண்ணே!” லிண்டா உடனே பாட்டை அணைத்தாள்.

சாயங்கால ஓய்வில் சாந்தினி போன் செய்தாள். திருகின விஷயத்தைச் சொன்னால் திட்டுவாள் என்று அதை மட்டும் விழுங்கிவிட்டார். “அம்மா நல்லா தூங்குதுமா. மத்தியானத்துலேர்ந்து. கொறட்ட வேற விடுது,” என்று சிரித்தார்.

“நெஜமாவாப்பா? எழுப்பாதீங்க. பாவம், தூங்கட்டும்.” மகள் குரலிலும் சிரிப்பு இருந்தது.

அவரும் எழுப்பவில்லை. டீ போட்டு வைத்துவிட்டு, ஆறியதும் அவரே குடித்தார். மறுபடி போட்டார். வெளிச்சம் மங்கியபோதுதான் ஏதாவது சாப்பிட வேண்டாமா என்று தோளைத் தொட்டு, “யோகா,” என்றார். அசைவில்லை. “யோகா, எழுந்திரு. ஒரு வாய் டீ குடி.” உலுக்கினார். கண் பாதி திறந்து, அவரைப் பார்க்காமல், மறுபடி மூடிக்கொண்டது. தூக்கின கை தொப்பென்று விழுந்தது. மீட்டரைப் பார்த்தார். தொண்ணூற்றெட்டுதான் இருந்தது. எல்லாம் சரியாக இருக்கிறதே, அப்புறம் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள்? முகத்தில் தண்ணீர் தெளித்தார். கன்னத்தைத் தட்டினார். “ஐயோ யோகா, என்னப் பாருடி,” என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது சாந்தினி உள்ளே நுழைந்தாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள், மெஷினைப் பார்த்தாள். உருண்டை எங்கே நிற்கிறது என்று பார்த்ததும் அவள் முகம் போன போக்கைக் காளிதாசன் சாகும்வரை மறக்க மாட்டார்.

“அப்பா! யாருப்பா திருகினது?”

சாந்தினி திருகை இறக்கி ஒன்றில் வைத்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள்.

ஆஸ்பத்திரியில் யோகேஸ்வரியின் மணிக்கட்டில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். முகத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு முகமூடியை மாட்டி, அதற்கென்று இருந்த மெஷினால் மூச்சைத் தள்ளினார்கள். காளிதாசனைத் திரைக்கு வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் ஹேமநாதன் வெளியே வந்தார். சாந்தினி வயசுதான் இருக்கும்.

“ஆக்சிஜன் கூட வச்சது யாரு அங்கிள்?”

“நான்தான் டாக்டர். மூச்சு முட்டுதுன்னு அழுதா. கூட வச்சா நல்லதுதானேன்னு...”

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அங்கிள், நாம இழுக்கிற காத்து நெஞ்சுக்குள்ள போயி, கெளை கெளையா பிரிஞ்சு, கடைசில சின்னச் சின்னப் பையில நிக்கும். சவ்வரிசிய விடச் சின்னது, கோடிக்கணக்குல இருக்கு. பையோட சுவர் ரொம்ப மெல்லிசு. சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தம் ஓடுது. ஆக்சிஜன் சுவரத் தாண்டி ரத்தத்துல ஏறிக்கும். அந்த ரத்தம் இருதயத்தோட இடது பக்கம் போகும். இருதயம் ஒரு தள்ளு தள்ளும். மூளை, கை, கால், எல்லா எடத்துக்கும் போயிடும்.”

“வீட்டு வீட்டுக்கு டெலிவரி,” என்று காளிதாசன் முணுமுணுத்தார்.

“அதேதான். ஆனா லாரி சும்மா திரும்பாது. ஒடம்பு வேல செஞ்ச கழிவுக் காத்து இருக்கும்லா, அத ஏத்திக்கிட்டு இருதயத்தோட வலது பக்கம் வரும். அங்கேர்ந்து மறுபடி நெஞ்சுக்கு. அதே பையில கழிவ எறக்கும். நாம அத வெளிய விட்டுடுறோம். நீங்க கடையில கேஸ் தோங் விக்கிறீங்களா?”

“விக்கிறேன். சிலிண்டர் எல்லாம் கடைக்குள்ளதான் அடுக்கியிருக்கு.”

“நெறஞ்ச தோங்க எறக்கிக்கிட்டே இருக்கான். காலித் தோங்க ஒருத்தனும் எடுத்துட்டுப் போகல. என்ன ஆகும்?”

“கடைக்குள்ள நிக்க எடம் இருக்காது டாக்டர்.”

“ஆன்ட்டிக்கு அதான் ஆச்சு. அவங்க பையில பாதி கிழிஞ்சு போச்சு. எந்தப் பை வேல செய்யுதோ அந்தப் பக்கமா ரத்தத்த அனுப்பி, ஒடம்பு எப்படியோ சமாளிச்சுக்கிட்டு இருந்துச்சு. நீங்க ஆக்சிஜன அள்ளிக் கொட்டினதும் அது கொழம்பிப் போச்சு. ரத்தம் ஒண்ணுக்கும் ஒதவாத பைக்கெல்லாம் போகுது. கழிவு வெளிய போகல. ஏற ஏற மொகம் செவக்கும், கை சூடாகும், ஆள் மயங்கிடுவாங்க.”

“தூங்கினா டாக்டர். நல்லா தூங்கினா. மீட்டர்கூட தொண்ணூத்தெட்டு...”

“மீட்டர் ஆக்சிஜன மட்டும்தான் பாக்கும். கழிவு எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. அது தூக்கம் இல்ல அங்கிள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா எழுந்திருக்கவே மாட்டாங்க.”

காளிதாசன் தன் இரண்டு கையையும் பார்த்தார். ரொட்டிக்காரனை விரட்டியது, பாட்டை அணைக்கச் சொன்னது எல்லாம் நினைவுக்கு வந்தது. அவள் செத்துக்கொண்டிருந்தாள்; பக்கத்தில் ஈ கூட உட்காராமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். சற்றுத் தள்ளிச் சுவரில் சாய்ந்திருந்த சாந்தினி, “நானும்தானேப்பா எழுப்பாதீங்கன்னு சொன்னேன்,” என்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். காளிதாசன் டாக்டர் பக்கம் திரும்பினார்.

“கிழிஞ்ச பை ஆறிடுமா டாக்டர்?”

“ஆறாது அங்கிள்.”

“அப்ப நான் அவளுக்கு என்னதான் குடுக்கிறது?”

“குடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. மருந்து மொறையா உள்ள போகணும். ஒதட்டக் குவிச்சு மெதுவா வெளிய ஊதச் சொல்லுங்க. மெஷின் ஒண்ணுலயே இருக்கட்டும், கஷ்டப்பட்டாலும். ரொம்ப முடியலன்னா, ஆள் அசந்துபோனா, ஒடனே இங்க கொண்டு வந்துடுங்க.”

யோகேஸ்வரி பிழைத்து வீட்டுக்கு வந்தாள். கன்னத்துச் சிவப்பு போயிருந்தது; கை பழையபடி சில்லிட்டிருந்தது. அதுதான் நல்லது என்று இப்போது அவருக்குத் தெரியும். அவளைப் பார்க்க வந்த லிண்டா மெஷினை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏன் அண்ணே இவ்ளோ கம்மியா வச்சிருக்கீங்க? பாவம், மூச்சு வாங்குதே. நீங்களா இப்படி?” என்று கேட்டேவிட்டாள். பீடோங்கில் அவரைப் பார்த்து அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். அவர் விளக்கிச் சொல்லிப் பார்த்தார். லிண்டா தலையாட்டினாள், நம்பினதாகத் தெரியவில்லை.

வயலில் மறுபடி கொளுத்தினார்கள். ஜன்னல் இடுக்கிலெல்லாம் ஈரத் துணியை அடைத்தும் புகை நுழைந்துவிட்டது. சாந்தினி வேலைக்குப் போயிருந்தாள். யோகேஸ்வரி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. காளிதாசன் எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஊது யோகா, மெதுவா ஊது என்றார். அவள் ஊதினாள். போதவில்லை.

“என்னங்க... கொஞ்சம்...”

“கூடாதும்மா. டாக்டர் சொன்னது தெரியும்ல?”

“கொஞ்சூண்டு...”

“யோகா, என்னக் கேக்காதடி. உன் காலப் புடிச்சிக்கிறேன், கேக்காத.”

அவள் காற்றோடு மல்லுக்கட்டினாள். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. பிறகு அவர் கையைப் பிடித்தாள்.

“எனக்கு... அன்னைக்கு மாதிரி... தூங்கணுங்க.”

அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அவள் கையை இறுக்கிப் பிடித்தார்.

“அது தூக்கம் இல்ல யோகா.”

“தெரியுங்க,” என்றாள்.

மெஷின் உறுமிக்கொண்டிருந்தது. திருகு அவர் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை; அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காளிதாசன் பிடித்த கையை விடாமல், உதட்டைக் குவித்து, அவளுக்குக் காட்டுவதுபோல மெதுவாக ஊதினார். மறுபடி இழுத்தார், மறுபடி ஊதினார். அவருக்கு மூச்சு தாராளமாக வந்துகொண்டிருந்தது. அதில் ஒரு வாய் அவளுக்குக் கொடுக்க வழியில்லை.